அஞ்சாமையும் அபயமும்

வீரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் வாளும் வில்லும் தோன்றுகின்றன. பாடநூல்கள் போர்க்களக் கதைகளை மிகுதியாகக் கூறுவதால் இஃது இயல்பே. ஆயினும், இருபத்து நான்காம் தீர்த்தங்கரரை மகாவீரர் எனப் போற்றும் நாம் அச்சொல்லின் பொருளைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் வென்றது தம்மையே அன்றோ?

துணிவு யாது?

அச்சம் தோன்றாதிருத்தலே துணிவு எனப் பலர் கருதுவர். பாம்பென்று அறியாமல் கைநீட்டும் குழந்தைக்கு அச்சமில்லை. அதனைத் துணிவென எவரும் கூறார். பழிக்கும் பாவத்திற்கும் அஞ்சுதல் அறிவுடைமையாகும். 'துணிதல்' என்னும் சொல்லுக்குத் தெளிதல், முடிவு செய்தல் என்ற பொருள்களும் உண்டு. செய்யத்தக்கது இதுவெனத் தெளிந்து, அதனால் வரக்கூடிய துன்பத்தையும் உணர்ந்து, பின்னும் அதனைச் செய்தலே துணிவாம்.

ஏழு அச்சங்கள்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. ஐயம் நீங்கியவர் ஏழு அச்சங்களினின்றும் விடுபடுவர் என்பது குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரம் காட்டும் நெறி. இம்மை பற்றிய அச்சம், மறுமை பற்றிய அச்சம், நோயும் வேதனையும் பற்றிய அச்சம், மரண அச்சம், காப்பார் இலரே என்னும் அச்சம், உடைமைக்குக் காவல் இல்லையே என்னும் அச்சம், எதிர்பாரா இடர் பற்றிய அச்சம் என அவை ஏழாம். இவற்றுள் நாள்தோறும் நம்மை வாட்டுவது முதலாவதே. 'ஊரார் என்ன சொல்வரோ' என்பது அதன் வீட்டுப் பெயர்.

ஓர் ஆசிரியையின் துணிவு

1848ஆம் ஆண்டு புணே நகரில் சோதிராவ் புலேயும் அவர்தம் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். சாவித்திரிபாய்க்கு அப்பொழுது அகவை பதினேழு. பள்ளி செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவர் மாற்றுச் சேலை ஒன்றை உடன் கொண்டு சென்றார். பள்ளியை அடைந்ததும் அதனை உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். வசையும் சேறும் மறுநாளும் வரும் என்றறிந்தே மறுநாளும் புறப்பட்டார். 1897இல் கொள்ளைநோய் பரவியபொழுது, நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ நிலையம் சேர்த்தார். அந்நோய் அவரையும் பற்ற, அவ்வாண்டு மார்ச்சு 10ஆம் நாள் மறைந்தார். இம்மை அச்சம், வேதனை அச்சம், மரண அச்சம் ஆகிய மூன்றையும் அவர் கடந்தமை இதனால் விளங்கும்.

நாம் கற்ற பாடம்

நாம் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றியபொழுது, எட்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றுவந்த மாணவி ஒருத்தியைத் திருமணத்திற்கெனப் படிப்பினின்றும் நிறுத்தினர். அவள் நம் மேசையருகே வந்து நின்றாள். வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பெரியோர் முடிவில் தலையிட்டால் பழி வருமே என்றெண்ணி நாமும் வாளாவிருந்தோம். நூலகத்து நூல்களைத் திருப்பி வைத்துவிட்டுச் சென்றாள். பயிற்சிப் பள்ளியில் கற்ற கற்பித்தல் முறைகள் யாவும் நமக்கு நினைவிலிருந்தன; அவள் வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு மட்டும் இல்லை. பேசியிருப்பின் பயன் விளைந்திருக்குமோ, அறியோம். பேசாதது நம் குற்றமே.

அபயதானம்

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானங்களை நம் அறநூல்கள் கூறும். முதல் மூன்றையும் பொருளாலும் அறிவாலும் ஈயலாம். அபயத்தையோ, தம் அச்சத்தை அடக்கியவரே பிறர்க்கு ஈதல் கூடும். அன்று அம்மாணவி நம்மிடம் நாடி நின்றது அத்தானமே.

இல்லத்தில் இப்பயிற்சி எளிதாகத் தொடங்கும். உடைத்த பொருளை 'நான்தான் உடைத்தேன்' என்று கூறும் குழந்தையை அடிக்காதிருங்கள். உண்மை கூறும் துணிவு அவ்வடியில் மடியும். நண்பர் நகைப்பினும் இரவு உணவை மறுத்துவரும் பிள்ளையைப் பாராட்டுங்கள். அவ்வாறே நகைத்த நண்பரை வெறாதிருக்கவும் கற்பியுங்கள்.

சிந்தனைக்கு

1. ஏழு அச்சங்களுள் நம் குடும்பத்தை மிகுதியும் ஆள்வது எது?
2. பேச வேண்டிய இடத்தில் நாம் பேசாதிருந்தது எப்பொழுது?
3. இன்று நம் துணிவை நாடி நிற்பவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு விடை கிடைப்பின், காலந்தாழ்த்தாது அவர்தம் இல்லக் கதவைத் தட்டுவோமாக.