மஞ்சள் காமாலை வராதவரும் ஒருமுறை ரத்தம் பாருங்கள்

"எனக்குக் காமாலையே வந்ததில்லை, எதற்கு டெஸ்ட்?" என்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஹெபடைடிஸ் பி பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. பிறக்கும்போது தொற்றியவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல், 18 வயது நிரம்பிய எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது மூன்று ரத்தச் சோதனைகளைச் சேர்த்துச் செய்துகொள்ளச் சொன்னது. அவற்றில் ஒன்றான எச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்தால் இப்போது தொற்று உண்டா என்பதுதான் தெரியும். மற்ற இரண்டான எதிர்ப்பொருள் சோதனைகளும் சேர்ந்தால்தான் தடுப்பூசி தேவையா என்பது புரியும். "முழுசாகக் குணமாகாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்?" என்பதும் சரியல்ல. தேவைப்படுவோருக்கு டெனோபோவிர் மாத்திரை வைரஸை அடக்கி, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டாரும் சோதித்துக்கொள்ளட்டும். தொற்றுள்ளவருக்கெனத் தட்டு, டம்ளரைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள், அவற்றால் இது பரவாது. பிளேடும் டூத்பிரஷும் தனியாக இருக்கட்டும். தொற்றுள்ளவர் கர்ப்பிணி என்றால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதற்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.