துணையை ஆளும் உரிமை

ஈகையை அறமாகப் போற்றிய திருவள்ளுவர் அதே நூலில் இரவச்சம் என்றதோர் அதிகாரமும் வகுத்தார். கொடுப்போன் உள்ளத்தை மட்டும் நோக்காது, கையேந்தி நிற்போன் உள்ளத்தையும் அவர் நோக்கினார். உடற்குறையுடையோர்க்கு அரசு செய்யும் உதவியை ஆராயப் புகுவோரும் இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும். எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பது ஒரு வினா. கொடுத்தது யாருடைய விருப்பப்படி செலவாகிறது என்பது மற்றொரு வினா. முதல் வினாவைப் பலரும் கேட்பர். இரண்டாவதை உதவி பெறுவோரே எழுப்பவேண்டியதாயிற்று. அவர்கள் அதனை எழுப்பி விடையும் பெற்ற வரலாறு பிரிட்டன் தேசத்திலே தெளிவாகக் காணக் கிடக்கிறது. அதனைச் சுருங்க உரைத்து, அதனின்று நாம் கற்கத்தக்கது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம்

இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த ஏழையர் சட்டம், உழைக்க இயலாதவரை ஊராரின் பொறுப்பில் வைத்தது. 1834-இல் அது திருத்தப்பட்டபின், உதவி வேண்டுவோர் தொழிற்சாலை விடுதிகளுக்குள் புகவேண்டும் என்பதே பொதுவிதியாயிற்று. அங்ஙனம் புகுதல் பெரும் இழிவாகக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1948-இல் நிறைவேறிய தேசிய உதவிச் சட்டம் அப்பழைய முறையை ஒழித்தது. குருடர், செவிடர், ஊனமுற்றோர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களின் நலத்திற்கு ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை அச்சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. இது பெரியதொரு முன்னேற்றமே.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு தடையும் இருந்தது. மன்றங்கள் பணிகளைச் செய்யலாம், இல்லங்களை நடத்தலாம், பணத்தை மட்டும் அவர்கள் கையிலே கொடுத்தலாகாது. 1971-இல் மத்திய அரசு, பிறர் துணையின்றி வாழ இயலாதார்க்கென ஓர் உதவித்தொகை ஏற்படுத்தி, அதனைப் பணமாகவே வழங்கியது. மத்திய அரசு ஒருவரை நம்பிப் பணம் கொடுக்க, உள்ளூர் மன்றம் அவரிடமே பணம் கொடுத்தலாகாதெனச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அத்தொகையோ, நாள் முழுதும் துணை வேண்டுவோர்க்குச் சிறிதும் போதாது. ஆதலால் குடும்பத்தாரின் துணையில்லாதவர் இல்லம் ஒன்றிற் புகுவதன்றி வேறு வழி காணாராயினர்.

லீ கோர்ட் இல்லம்

அத்தகைய இல்லங்களுள் ஒன்று ஹாம்ப்ஷயரில் இருந்த லீ கோர்ட். போரில் விமானப்படைத் தலைவராயிருந்து விக்டோரியாச் சிலுவை பெற்ற லெனார்ட் செஷயர், 1948-இல் தம் வீட்டிலேயே மரணத்தறுவாயில் இருந்த ஒரு நோயாளியை ஏற்றுப் பேணினார். அதுவே பின்னர்ப் பல நாடுகளிற் பரவிய செஷயர் இல்லங்களின் தொடக்கமாயிற்று. இவ்வீரரின் கருணையை யாரும் குறைகூற ஒண்ணாது.

எனினும் கருணையால் எழுந்த இல்லத்திலும் ஆட்சி ஒரு பக்கமும் கீழ்ப்படிதல் மறுபக்கமுமாக இருத்தல் கூடும். எப்போது உறங்கச் செல்வது என்பது போன்ற காரியங்களிலும் அங்கு வாழ்ந்தோர் நிருவாகத்தாரோடு போராட நேர்ந்தது. அவர்களுள் பால் ஹண்ட் என்பார் தசைநலிவு நோயினர். 1966-இல் உடற்குறையுடையோர் தம் அனுபவங்களைத் தாமே எழுதிய கட்டுரைத் தொகுதி ஒன்றைப் பதிப்பித்தார். இல்லத்தார் தம் நிலையை ஆராயுமாறு அறிஞரை வேண்டினர். அதன் பயனாய் இருவர் எழுதிய நூல் 1972-இல் வெளிவந்தது. சமூகம் இவர்களை இறந்தோராகவே கணித்துவிட்டது என அவ்வாசிரியர்கள் எழுதினர்; அக்கணிப்பை மாற்றும் வழியை ஆராயாது, இல்லங்களின் நடைமுறையைச் சீர்படுத்தும் வழிகளையே கூறினர். தம்மைக் காக்கவேண்டி அழைத்தவரே தமக்கு எதிராகச் சான்றுரைத்தது கண்டு இல்லத்தார் மனம் நொந்தனர்.

அவ்வாண்டிலேயே ஹண்ட், கார்டியன் பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதி, உடற்குறையுடையோர் தாமே ஒன்றுகூடவேண்டும் என்று அழைத்தார். அங்ஙனம் தோன்றிய சங்கம் 1976-இல் தன் கொள்கையை வெளியிட்டது. கால் செயலற்றிருப்பது ஒன்று. படிகள் மட்டுமே உள்ள கட்டடம் அக்காலுடையோனைப் புறத்தே நிறுத்துவது வேறொன்று. முன்னது உடலின் குறை. பின்னது சமூகம் சுமத்தும் முடக்கம். இப்பாகுபாடே பின்வந்த மாற்றங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

ஒரு சிறு குழுவின் முயற்சி

சர்வதேச உடற்குறையுடையோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை 1981-ஐக் குறித்திருந்தது. அவ்வாண்டை இலக்காகக் கொண்டு, லீ கோர்ட்டில் வாழ்ந்த ஜான் எவான்ஸ் முதலிய சிலர் 1979-இல் ஒரு திட்டம் வகுத்தனர். எவான்ஸ் கையும் காலும் செயலற்றவர். காலையிற் படுக்கையினின்று எழுவதற்கும் பிறர் துணை வேண்டியவர். இவர்கள் மாவட்ட மன்றத்தாரிடம் கூறியதன் சாரம் இதுவே: “எங்களை இங்கே வைத்துப் பேணுவதற்கு இல்லத்திற்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதனையே எங்களுக்குக் கொடுப்பின், ஊருக்குள் வீடு அமைத்து, எங்களுக்கு வேண்டிய உதவியாளரை நாங்களே அமர்த்திக் கொள்வோம்.”

நியாயம் தெளிவாயிருந்தும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. நெடுநாட் பேச்சுக்குப்பின் ஓர் உபாயம் கண்டனர். மன்றம் முன்போலவே இல்லத்திற்குப் பணம் செலுத்தும். இல்லம் அதனை உரியவர்க்கு அளிக்கும். இவ்வாறு 1983-இல் எவான்ஸ் தம் சொந்த வீட்டிற் குடிபுகுந்தார். இதற்கு முன்பே கடல்கடந்து அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலை மாணவராயிருந்த எட் ராபர்ட்ஸ் இதே வழியைத் தொடங்கியிருந்தார். பதினான்காம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கைகால் வழங்காது போன அவர், 1962-இல் பெர்க்லியில் கல்வி பயிலச் சேர்ந்தபோது, தக்க விடுதியின்மையால் கல்லூரி மருத்துவமனையிலேயே தங்கவேண்டியதாயிற்று. அவரும் அவர் தோழரும் தொடங்கிய முயற்சியின் பயனாக 1972-இல் அந்நகரில் சுதந்தர வாழ்க்கை நிலையம் எழுந்தது. மாணவர் விடுதியொன்றில் இடமில்லாமையினின்று ஓர் உலக இயக்கம் பிறந்தமை கல்லூரி மாணவராகிய நாம் கருதத்தக்கது.

தடை நீங்கிய விதம்

பிரிட்டிஷ் அரசாங்கம் 1988-இல் சுதந்தர வாழ்க்கை நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தியது. மிகச் சிலரே அதனை நாடுவர் என எண்ணினர். ஆனால் ஐந்தே ஆண்டுகளில் 20,000-க்கு மேற்பட்டோர் அதிலிருந்து பணம் பெற்றனர். உடற்குறையுடையோர் அமைப்புகளின் பேரவை 1994-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பணத்தை நேரே பெற்றுத் துணையமைத்துக் கொள்வது, மன்றங்கள் அதே அளவுக்குச் செய்யும் பணியைக் காட்டிலும் 30 முதல் 40 விழுக்காடு செலவிற் குறைந்தது என்று அது காட்டியது. அதன்பின் 1996-இல் பணத்தை நேரே கொடுத்தற்குரிய சட்டம் நிறைவேறி, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 65 வயதுக்கு உட்பட்டோர்க்கே அது உரியதாயிற்று. 2000-இல் முதியோர்க்கும் விரிந்தது. கொடுக்கலாம் என்றிருந்த விதி பின்னர்க் கொடுத்தே தீரவேண்டும் என்றாயிற்று.

ஸ்காட்லாந்தில் 2013-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் முதல் நடந்துவரும் சட்டம் இன்னும் தெளிவானது. ‘தாமே செலுத்தும் துணை’ என்பது அதன் பெயரிலேயே அமைந்துள்ளது. அது நான்கு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, பணத்தைத் தாமே பெற்று நடத்துதல். இரண்டு, பணத்தை மன்றமோ மற்றொரு நிலையமோ வைத்திருக்க, செலவு தம் விருப்பப்படி நடைபெறச் செய்தல். மூன்று, ஏற்பாட்டை முற்றிலும் மன்றத்தினிடமே விடுதல். நான்கு, இம்மூன்றையும் வேண்டியவாறு கலந்து கொள்ளுதல். யாதொன்றையும் தெரிவு செய்ய விரும்பாதவன் மூன்றாம் வழியிலே நிற்கலாம். அதுவும் அவன் தெரிவேயாம்.

நடைமுறையும் இடர்ப்பாடும்

பணத்தை நேரே பெறுவோர் தம் உதவியாளர்க்கு முதலாளியாகின்றனர். ஆளைத் தேடுதலும், பேசிப் பார்த்தலும், ஊதியமும் விடுமுறையும் அளித்தலும், வரிக் கணக்கு வைத்தலும், மன்றத்திற்குச் செலவுக்கணக்குக் காட்டுதலும் அவர் பொறுப்பே. இது சிலர்க்குச் சுமையாகும். சுமையென்று கண்டு இம்முறையையே பயனற்றதெனக் கூறுதல் தவறு. கணக்கு வைக்கத் துணை செய்யும் நிலையங்களும், முன்னரே இவ்வழி சென்றவரின் ஆலோசனையும் இருப்பின் சுமை குறையும். அறிவு வளர்ச்சியிற் குறையுடையோர் எவ்வாறு துணையை ஆளுவர் எனச் சிலர் வினவுவர். கணக்கைப் பிறர் வைக்கலாம்; யார் தம் அருகில் இருக்கவேண்டும், யார் இருத்தலாகாது என்பதை அவர் தம் சொல்லாலோ முகக்குறியாலோ உணர்த்துவர். அதனை அறிந்து நடப்பதே துணைசெய்வோர் கடமை.

இதனினும் பெரிய இடர் வேறொன்றுண்டு. செலவு குறையும் என்ற வாதமே இச்சட்டத்திற்குத் துணையாயிற்று. அதே வாதம் தொகையைச் சுருக்குதற்கும் கருவியாகலாம். முற்கூறிய சுதந்தர வாழ்க்கை நிதி 2010-இல் புதியோர்க்கு அடைக்கப்பட்டது. அதனை முற்றிலும் மூடுவதென்ற தீர்மானம், சமத்துவக் கடமையைத் தக்கவாறு கருதாது செய்யப்பட்டதென 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. எனினும் அமைச்சர் மீண்டும் அவ்வாறே தீர்மானிக்க, 2015 ஜூன் 30-இல் அந்நிதி மூடப்பட்டது. இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளூர் மன்றங்களுக்குச் சென்றது. அப்பணம் இதற்கே செலவாகவேண்டும் என்ற கட்டு இல்லை. ஸ்காட்லாந்தோ மறுநாளே தனக்கென ஒரு நிதியை நிறுவிப் பழைய பயனாளிகளைக் காத்தது. போதிய பணமின்றித் தெரிவு செய்யும் உரிமையை மட்டும் அளிப்பது, வெறும் இலையை விரித்து விரும்பியதை உண்க எனக் கூறுவது போலாம். ஆகவே தொகையும் ஆட்சியும் இரண்டும் சேர்ந்தே உரிமையாகும்.

நமக்குரிய பாடம்

இக்கொள்கை இன்று ஒரு தேசத்திற்கு மட்டும் உரியதன்று. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, எங்கே யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை உடற்குறையுடையோர்க்கும் உண்டு என்கிறது. இந்தியா 2007-இல் அதனை ஏற்று உறுதி செய்தது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையோடு தனியுதவியாளர் துணையையும் குறிப்பிடுகிறது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகட்குத் துணையாயிருப்போர் பெரும்பாலும் தாயும் மனைவியும் உடன்பிறந்தாருமே. அவர் அன்பு அளவிடற்கரியது. ஆயின் அன்புடையோர் முதுமையுற்றபின் யாது செய்வது என்ற கவலை எத்தனையோ வீடுகளில் இரவுதோறும் உறக்கத்தைக் கெடுக்கிறது. மேலும், அன்பினால் செய்யப்படுவதை ‘வேண்டா’ என்றோ, ‘இவ்வாறு செய்க’ என்றோ கூறுதற்கு நாவெழாது. ஊதியம் பெறும் உதவியாளரிடம் அதனைக் கூறலாம். தாயும் அப்பொழுது பணிவிடைக்காரியாயிராது தாயாகவே இருக்கலாம்.

எரிகோ நகரின் வழியருகே பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பர்திமேயு குருடன் என்பதை அங்கு நின்ற அனைவரும் அறிவர். அவன் வேண்டுவது யாதென்பதும் வெளிப்படையே. எனினும் நம் ஆண்டவர் அவனைத் தம்மிடம் வரச்செய்து, தாம் அவனுக்கு யாது செய்யவேண்டும் என்று அவனையே வினவினார். அதுவரை அவனைப் பேசாதிரு என்று அதட்டிய கூட்டம் அவ்வினாவிற்கு அவன் உரைத்த விடையைக் கேட்டு நிற்கவேண்டியதாயிற்று.

சட்டமியற்றுவது நம்மால் உடனே ஆவதன்று, கேட்பது ஆகும். சக்கர நாற்காலியைத் தள்ளுமுன் அதில் அமர்ந்திருப்பவரைக் கேட்டோமா? பார்வையற்ற தோழருக்காக நூல் படிக்கச் செல்லும் நாம், எந்நூலை எப்பொழுது படிக்கவேண்டும் என்பதை அவர் வாயால் அறிந்தோமா? கல்லூரியில் சாய்வுப்பாதை அமைக்கக் குழு கூட்டுங்கால், அதில் ஏறிச் செல்லவேண்டியவர் அக்குழுவில் இருக்கின்றாரா? நாளை நம்முள் சிலர் அதிகாரிகளாகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் அமர்ந்து, பிறர் வாழ்வைப் பற்றிய தாள்களிற் கையொப்பமிடுவோம். அன்று அத்தாளுக்கு உரியவரை முதலிற் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கவேண்டுமாயின், அதனைக் கல்லூரியிலேயே பழகத் தொடங்குதல் நலம்.