அந்நிய மூலதனமும் ஐதராபாத்தின் மருந்துத் தொழிலும்

ஒரு நாட்டினுள் அந்நிய மூலதனம் மூன்று உருவங்களில் வருகின்றது. கடனாக வருவது ஒன்று. பங்குகளை வாங்கி விற்று இலாபம் பெறுவதற்காக வருவது மற்றொன்று. தொழிற்சாலையைப் புதிதாக நிறுவியோ, இருப்பதை விலைக்கு வாங்கியோ, நிர்வாகத்தில் பங்கு கொள்ளும் நோக்குடன் வருவது மூன்றாவது. இதுவே நேர்முதலீடு எனப்படும். ஒரு நிறுவனத்தின் பங்குகளில் 10 சதவீதமேனும் பெற்றிருத்தல் இதற்கு அடையாளமாக உலக நாடுகளால் கொள்ளப்படுகின்றது.

இம்மூலதனத்தால் நாட்டின் வருமானம் பெருகுமா, புதிய அறிவு வளருமா, நீரும் நிலமும் கெடுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை இல்லை. ஐதராபாத்தின் மருந்துத் தொழில் இதனைத் தெளிவாக விளக்குகின்றது.

அறிவு பரவிய விதம்

1961ஆம் ஆண்டில் இந்திய மருந்துகள், மருந்துப்பொருள்கள் நிறுவனம் என்னும் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பெற்றது. சோவியத் நாட்டின் உதவியுடன் அது மூன்று ஆலைகளை அமைத்தது. அறுவைக் கருவிகள் செய்யும் ஆலை சென்னையிலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆலை ரிஷிகேசத்திலும், செயற்கை மருந்து ஆலை ஐதராபாத்திலும் அமைந்தன. இங்கு வந்தது நேர்முதலீடு அன்று. கடனும் தொழில்நுணுக்க உதவியுமே ஆகும்.

இவ்வாலையில் பயின்ற இரசாயன நிபுணர்கள் பலர் பின்னர் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். 1984இல் தம் பெயரால் நிறுவனம் கண்ட டாக்டர் அஞ்சி ரெட்டி அவர்களுள் ஒருவர். 1972இல் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டமும் இவர்களுக்குத் துணையாயிற்று. மருந்துப்பொருளுக்கு உரிமை வழங்காமல், அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே அச்சட்டம் உரிமை வழங்கியது. ஆகவே ஒரே மருந்தை வேறு முறையில் மலிவாகச் செய்ய வழி பிறந்தது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டு மருந்துப்பொருளுக்கும் உரிமை ஏற்படும்வரை இந்நிலை நீடித்தது.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? அந்நியர் கொணர்ந்த இயந்திரம் தேய்ந்துவிடும். அதனை இயக்கக் கற்றவர் பெற்ற அறிவு பிற ஆலைகளுக்கும் பரவும். ஆனால் கற்பதற்குத் தகுந்த படிப்பும் ஆராய்ச்சிச் சாலைகளும் முன்னரே இருத்தல் வேண்டும். ஐதராபாத்தில் 1944இலேயே ஆராய்ச்சிச் சாலை ஒன்று தோன்றியிருந்தது. அதுவே இன்றைய இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையம்.

1993இல் தோன்றிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் மற்றோர் உதாரணம். ஓமான் நாட்டிலிருந்து வந்த மூலதனம் அதன் தொடக்கத்திற்கு உதவிற்று. 1997இல் கல்லீரல் அழற்சி 'பி' நோய்க்கு மரபணு மாற்ற முறையில் செய்த முதல் இந்தியத் தடுப்பு மருந்தை அது வெளியிட்டது. இறக்குமதி மருந்தின் விலை எட்டாதிருந்த மக்களுக்கு இது பெரும் பயன் அளித்தது. 2009இல் அந்நிறுவனம் பிரான்சு நாட்டின் சனோஃபி வசமாயிற்று. முதலில் வந்த அந்நியப் பணம் புதிய ஆற்றலை உண்டாக்கியது. பின்னர் வந்தது, ஏற்கெனவே உண்டான ஆற்றலை விலைக்கு வாங்கியது. இரண்டும் கணக்கில் முதலீடே. எனினும் அவற்றின் விளைவு ஒன்றன்று.

நீர் கெட்ட விதம்

ஐதராபாத்தின் வடமேற்கில் உள்ளது படான்சேரு. மருந்து ஆலைகள் பெருகிய இவ்வட்டாரத்தில் கழிவுநீர் நக்கவாகு ஓடையில் கலந்து, மஞ்சீரா ஆற்றை நோக்கிச் சென்றது. கிணறுகளும் வயல்களும் கெட்டன என்னும் முறையீடு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றின் வெளிநீரைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். அந்நீரில் சிப்ரோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை இருந்தது. மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவினும் இது அதிகம்.

இதன் தீமை அவ்வூரோடு நிற்பதன்று. மருந்து கலந்த நீரில் எளிதில் மடியும் கிருமிகள் மடிகின்றன. மருந்தை எதிர்க்கவல்லவை பிழைத்துப் பெருகுகின்றன. அவ்வெதிர்ப்புத் திறனுக்குரிய மரபணுக்கள் வேறு கிருமிகளுக்கும் தாவுகின்றன. நாளடைவில், நோய் தீர்க்கச் செய்த மருந்தே நோயைத் தீர்க்காமற்போகும்.

சுத்திகரித்த கழிவுநீர் பின்னர்க் குழாய் வழியே அம்பர்பேட்டை நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து நீர் செல்வது மூசி ஆற்றுக்கு. மஞ்சீரா கோதாவரியைச் சேர்வது; மூசி கிருஷ்ணாவைச் சேர்வது. கழிவை இடம் மாற்றுவது அதனை நீக்குவதாகாது.

மூன்று விசைகள்

இங்கு அந்நிய மூலதனத்தை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. இவ்வாலைகளுட் பல உள்நாட்டாருடையவை. ஆயினும் அவற்றின் மருந்துகள் அயல்நாடுகளில் மலிவாக விற்றன. மலிவைப் பெற்றவர் அங்கே. கழிவைப் பெற்றவர் இங்கே.

பொருளாதார அறிஞர் மாசினை மூன்று விசைகளின் விளைவாகக் காண்கின்றனர். உற்பத்தியின் அளவு பெருகினால் மாசு பெருகும். தொழில்களின் கலவை மாறினால், அத்தொழில்களின் தன்மைக்கேற்ப அது கூடவோ குறையவோ செய்யும். செய்முறை திருந்தினால் குறையும். முதலாவது தானே நிகழ்வது. மூன்றாவது, சட்டமும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் மட்டுமே நிகழ்வது.

இந்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லிகளின் அளவுக்கு வரம்புகள் காணப்பட்டன. 2021இல் வந்த இறுதி விதிகளில் அவை இடம்பெறவில்லை. 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பொருள் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஆகவே முதலீட்டை மதிப்பிடுவோர், வந்த தொகை எவ்வளவு என்பதோடு நிற்றலாகாது. அதனால் நம்மவர் கற்றது யாது, ஆலைக்கு வெளியே ஓடும் நீர் எந்நிலையில் உள்ளது என்பவற்றையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்பெற்ற கணக்கே முழுமையான கணக்காகும்.