ஓர் ஆசிரியையின் சிலையும் ஒரு ரப்பர் வளையமும்



மாதா, பிதா, குரு, தெய்வம்னு சின்ன வயசிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. மே 16 ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அட்டையும் கொடுத்துடுறோம். அதோட கடமை முடிஞ்சுதா? இந்த மாதப் பாடத்துக்கு அமெரிக்காவில் உள்ள ஒரு சிலையை எடுத்துக்கொள்வோம்.

யார் அவர்?

நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தின் தலைநகர் கான்கார்ட். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் நடத்தியவர் கிறிஸ்டா மெக்காலிஃப். ஓர் ஆசிரியரை விண்வெளிக்கு அனுப்ப நாசா திட்டமிட்டபோது 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் இவர். விண்வெளியிலிருந்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதாக ஏற்பாடு.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். கிறிஸ்டாவுக்கு வயது 37. அவருடைய பள்ளி மாணவர்கள் அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் நடந்தது?

பூஸ்டர் ராக்கெட் பல பகுதிகளை இணைத்துச் செய்யப்பட்டது. இணைப்பில் சூடான வாயு கசியாமல் தடுப்பது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். நம்ம வீட்டுத் தண்ணீர்க் குழாயிலும் சின்னதா ஒண்ணு இருக்கும். குளிரில் ரப்பர் இறுகிவிடும், இடைவெளியைச் சட்டென்று அடைக்காது. அன்று காலை வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ்தான். பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முதல் நாள் இரவே, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று எச்சரித்தார்கள். மேலிடம் அதை ஏற்கவில்லை.

நான் பொறியியல் படிக்கிறேன். லேப்ல ஒரு ரீடிங் மட்டும் ஒத்துவரலைன்னா, கொஞ்சம் மாத்தி எழுதிடலாமான்னு எனக்கும் தோணியிருக்கு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைப்போம். இந்தச் சம்பவத்தைப் படிச்ச பிறகு கை வரமாட்டேங்குது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு டீச்சர் உட்கார்ந்திருக்கலாம்.

சிலையும் பாடமும்

2024 செப்டம்பர் 2, கிறிஸ்டாவின் பிறந்தநாள். அன்று கான்கார்ட்டில் மாநில அரசு மாளிகை வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். அந்த வளாகத்தில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்ட முதல் சிலை அதுதான்.

ஆனால் சிலைக்கு முன்பே வேறொரு மரியாதை நடந்துவிட்டது. அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை பார்பரா மார்கன், 2007-இல் விண்வெளிக்குச் சென்றார். 2018-இல், முன்பு ஆசிரியர்களாக இருந்த இரண்டு விண்வெளி வீரர்கள், கிறிஸ்டா நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை அனைத்துலக விண்வெளி நிலையத்தில் செய்து காட்டினார்கள். குரு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் குருபக்திதானே?

கலந்துரையாட

1. உங்கள் ஊரில் சிலை வைக்கத் தகுந்த ஆசிரியர் யார்? ஏன்?
2. அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலை ஏதாவது உண்டா? அதை யார் தொடர்வது?
3. பெரியவர்கள் முடிவெடுத்துவிட்ட பிறகு, 'இது தப்பு'ன்னு மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வீங்க?