கல்லில் சுருண்டிருப்பது யாருடைய உறவு?

பெரம்பலூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். காரை, சாத்தனூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லாகிப்போன கடல் உயிரிகள் புதியவை அல்ல. கிரிட்டேசியஸ் காலத்தில் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் இன்றும் இங்குள்ள பாறைகளில் கிடைக்கின்றன.

"இன்று வாழும் உயிரிகளில் இதற்கு நெருங்கிய உறவு எது?" என்று கேட்டால், "நத்தை" என்பதே பெரும்பாலோர் விடை. சுருளைப் பார்த்துச் சொல்கிறார்கள். தோற்றம் ஒத்திருப்பதாலேயே உறவு நெருங்கிவிடாது என்பதைப் பத்தாம் வகுப்பில் பரிணாமம் கற்பிக்கும்போது உணர்த்தியாக வேண்டும். அதற்கு 'ஒன்ஜூம்' என்னும் இலவச இணையதளம் எனக்குக் கைகொடுக்கிறது. ஏறத்தாழ 22 லட்சம் இனங்கள் அதில் ஒரே மரத்தின் இலைகளாக உள்ளன. இரு கிளைகள் சேரும் இடம் அவற்றின் பொது மூதாதையைக் குறிக்கும்.

செயல்பாடு:

1. நத்தை, நாட்டிலஸ், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் குழுக்களாகத் தேடட்டும்.

2. எந்தக் கிளைகள் முதலில் சேருகின்றன என்று நோட்டில் வரையட்டும். கணவாயும் ஆக்டோபஸும் முதலில் சேரும், அடுத்து நாட்டிலஸ், கடைசியில்தான் நத்தை.

3. இந்தப் படத்தில் அம்மோனைட்டை எங்கே வைக்கலாம்? காரணத்துடன் விவாதிக்கட்டும்.

ஓட்டைப் பார்த்துப் பலர் நாட்டிலஸ் பக்கம் வைப்பார்கள். அறிவியலாளர்களோ கணவாய், ஆக்டோபஸ் கிளைக்கு அருகில் வைக்கிறார்கள். அரிதாகக் கிடைத்த அம்மோனைட்டின் ராடுலா என்னும் நுண்பல் வரிசை, நாட்டிலஸைவிடக் கணவாயின் பல்வரிசையையே ஒத்திருப்பது ஒரு முக்கியச் சான்று. ஓடு மறைத்த உறவைப் பல் காட்டிக்கொடுத்தது என்றால் மாணவர் மறக்கமாட்டார்கள்.

'டைம்ட்ரீ' தளத்தில் இரண்டு உயிரிகளின் பெயரை இட்டால், அவை பிரிந்த காலத்தின் மதிப்பீடு கிடைக்கும். 10 மில்லியன் என்பது 1 கோடி என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்குக் கோழி, ஓணான், வௌவால், பூனை போதும். பறப்பதால் வௌவால் கோழிக்கு உறவா என்று கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: புதைபடிவங்களைப் பெயர்த்துவரச் சொல்லாதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால், அதன் காலத்தைச் சொல்லும் சான்றும் போய்விடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துவரச் செய்யுங்கள். கையில் எடுத்துவந்தால் அது வெறும் கல். இருந்த இடத்திலேயே இருந்தால் அடுத்த தலைமுறைக்கும் பாடம்.