கிரயம் எழுதாதே, குத்தகைக்கு விடு

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் படப் பக்கங்களும் கிடைத்தன. உன் நாயகி மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவும் பக்கத்தில் கறுப்பு நன்றாக உட்கார்ந்திருக்கிறது. வசன பலூன்கள்தான் அதிகம், பாதியை வெட்டு. படங்களைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஓடிடி தொடருக்காக அந்த நாயகியை விலைக்குக் கேட்கிறார்கள், எவ்வளவு சொல்லலாம் என்கிறாய். தொகையை அப்புறம் பேசு. எத்தனை வருடத்துக்குக் கேட்கிறார்கள் என்பதை முதலில் கேள்.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938 மார்ச்சில் வாங்கிய செக் இன்னும் பத்திரமாக இருக்கிறது. இருவருக்கும் அப்போது இருபத்துமூன்று வயது. மொத்தம் 412 டாலர். அதில் சூப்பர்மேனுக்கு 130, மீதி வேறு கதைகளுக்கான கூலி. 130 டாலர் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் அங்கலாய்ப்பார்கள். 13 பக்கக் கதை, பக்கத்துக்கு 10 டாலர். அன்றைக்கு அது வழக்கமான கூலிதான். கூலியோடு சேர்த்து, பாத்திரத்தையே என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்ததில்தான் அவர்கள் தோற்றார்கள். 1947-ல் வழக்குப் போட்டார்கள். பாத்திரம் திரும்பவில்லை, வேலையும் போயிற்று. பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்த 1975-ல், நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் ஊரறியக் குரல் கொடுத்த பிறகே, அப்போது சூப்பர்மேன் உரிமையை வைத்திருந்த வார்னர் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தரவும் அவர்கள் பெயரைப் போடவும் சம்மதித்தது. அந்த செக் மட்டும் 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.

ஏழைக் கலைஞன் ஏமாந்த கதை என்று இதை ஒதுக்கிவிடாதே. பணமுடையில் கம்பெனியும் இதையேதான் செய்கிறது. 1996-ல் காமிக்ஸ் கம்பெனியான மார்வெல் திவாலானது. அதற்கு முன்னும் பின்னுமாகத் தன் நாயகர்களின் பட உரிமையைத் துண்டு துண்டாக விற்றது. எக்ஸ்-மென் ஃபாக்ஸுக்கு, ஸ்பைடர்மேன் சோனிக்கு, அயர்ன்மேன் நியூ லைனுக்கு என்று ஆளுக்கொன்றாகப் போயின. ஆனால் சீகலின் தாளில் இல்லாத ஒன்று அந்த ஒப்பந்தங்களில் இருந்தது: கெடு. குறித்த காலத்தில் படம் எடுக்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும்.

நியூ லைனால் அயர்ன்மேனை எடுக்க முடியவில்லை, பாத்திரம் வீடு திரும்பியது. 2008-ல் மார்வெல் தானே அதைப் படமாக்கியது. மறு வருடமே டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்கியது. சோனியோ ஸ்பைடர்மேனை விடவில்லை. 2007-ல் மூன்றாவது ஸ்பைடர்மேன், 2012-ல் புது நடிகரோடு மறுபடி முதலிலிருந்து. கெடு தாண்டினால் கையைவிட்டுப் போய்விடுமே! கடைசியில் 2015-ல் மார்வெல்தான் சோனியோடு உடன்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது.

கெடுவை ஏய்த்த கதையும் உண்டு. ஃபென்டாஸ்டிக் ஃபோர் பட உரிமை ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐகிங்கரிடம் இருந்தது. 1992 முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். சிக்கனத்துக்குப் பேர்போன ரோஜர் கார்மனைப் பிடித்து, சுமார் 10 லட்சம் டாலரில் அவசர அவசரமாக ஒரு படத்தை எடுத்தார்கள். படம் கடைசிவரை தியேட்டருக்கு வரவில்லை. உரிமை மட்டும் கைநழுவாமல் நின்றது. ஆகவே, "படப்பிடிப்பு தொடங்கினால்" என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதே. "வெளியிட்டால்" என்று திருத்தச் சொல்.

நிரந்தரமாகக் கொடுப்பதற்கும் கெடுவோடு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், நிலத்தைக் கிரயம் எழுதுவதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ளதுதான். நம் சட்டமும் உனக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற வரி வரைவில் எங்காவது ஒளிந்திருக்கும். தேடி அடி. தொடர் உரிமை கேட்டால் தொடரை மட்டும் கொடு. சினிமா, பொம்மை, கேம், காமிக்ஸ் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். மாதச் சம்பளத்துக்குச் சேரச் சொன்னால் இன்னும் கவனமாக இரு. வேலையில் இருக்கும்போது வரைந்தது, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். பணம் வரும்போது நீட்டும் ரசீதையும் படி. மார்வெல் ஓவியர்களுக்கு வந்த செக்குகளில், கையெழுத்திடும் பின்பக்கத்திலேயே உரிமையை எழுதி வாங்கும் வரிகளை அச்சிட்டிருந்த காலம் உண்டு.

பெயரையும் விட்டுக்கொடுக்காதே. பேட்மேனை பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். அவர் பெயர் முறைப்படி சேர்ந்தது 2015-ல். உரிமையை விற்ற பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நம் சட்டத்தின் 57-வது பிரிவு தருகிறது. ஆனாலும் டைட்டிலில் எங்கே, எப்படிப் பெயர் வர வேண்டும் என்று எழுதி வாங்கிவிடு.

இத்தனையும் கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுவாய். பயம் நியாயமானதுதான். 1992-ல் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ முதலிய ஓவியர்கள் மார்வெலை உதறிவிட்டு, படைத்தவனுக்கே உரிமை என்று இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் பெயருக்கே புத்தகம் விற்றது, அதனால் துணிந்தார்கள். உனக்கு இன்னும் அந்த மவுசு வரவில்லை. பணம் அவசரமென்றால் தொகையில் இறங்கிப் போ, தப்பில்லை. வருடக் கணக்கில் மட்டும் இறங்காதே. குறைந்த விலைக்குக் கொடுத்த பாத்திரம் ஐந்து வருடத்தில் திரும்பி வந்தால் மறுபடி பேரம் பேசலாம். நிரந்தரமாகக் கொடுத்ததற்கு மறு பேரம் கிடையாது.

வரைவு வந்ததும் சினிமா ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீல் ஒருவரிடம் காட்டு. அதுவரை அடுத்த கதையை வரைந்துகொண்டிரு. கையில் இன்னொரு கதை இருப்பவனுக்குத்தான் பேரம் படியாதபோது நாற்காலியை விட்டு எழுந்து வரும் தைரியம் இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்