பெயர் பதித்த பரிசுப் பொருள்: நீர் ஒட்டுப்படத் தொழில்

கல்யாண வீட்டு அன்பளிப்பு, பாடசாலைப் பரிசளிப்பு, கடைத் திறப்பு விழா என்று பெயரும் திகதியும் பதித்த பொருள் கேட்டு வருவோர் நம் ஊர்களில் இருக்கின்றனர். பத்து, இருபது என்ற சிறிய ஓடர்களைக் கல்முனையிலேயே செய்து கொடுக்க உதவுவது 'வோட்டர்சிலைட் டிகால்' எனப்படும் நீர் ஒட்டுப்படம்.

இது புதிய வித்தையல்ல. பழைய சைக்கிள்கள் பலவற்றின் சட்டத்திலிருந்த பெயரும் ஒட்டுப்படமாகவே ஒட்டப்பட்டது. மாத்தளை நொரிடேக்கே, தங்கொட்டுவ போர்சலின் பீங்கான்களில் நாம் காணும் பூ வேலைப்பாட்டுக்கும் அடிப்படை ஒட்டுப்படமே. படத்தைக் கடதாசியில் அச்சிட்டுப் பீங்கானுக்கு மாற்றும் முறை இன்னும் பழையது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்ற இருவர் ஆறு மணித்தியாலத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்தனர்.

செய்முறை

ஒட்டுப்படக் கடதாசியின் மேல் நீரில் கரையும் பசைப்பூச்சு உண்டு. அதன் மேலுள்ள மெல்லிய படலத்தில் படம் அச்சாகிறது. நீரில் நனைந்ததும் பசை இளகி, படலம் வழுக்கி வருகிறது.

1. உங்கள் பிரின்டருக்குரிய கடதாசியையே வாங்குங்கள். இங்க்ஜெட் கடதாசியை லேசர் பிரின்டரில் இட்டால் சூட்டில் உருகி இயந்திரம் பழுதாகலாம்.
2. எழுத்தைக் கண்ணாடி விம்பமாகத் திருப்பாமல் நேராகவே அச்சிடுங்கள்.
3. இங்க்ஜெட் மை நன்கு காய்ந்தபின் அக்ரிலிக் தெளிபூச்சை இரண்டு மூன்று தடவை மெல்லியதாக விசிறுங்கள். இல்லையேல் மை நீரில் கரையும். மாரிகால ஈரக்காற்றில் விசிறினால் பூச்சு வெண்மையாக மங்கும். வெயில் நாளைத் தெரிவு செய்யுங்கள்.
4. பொருளை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய துண்டை ஒரு நிமிடமளவு நீரில் இட்டு, வழுக்கத் தொடங்கியதும் பொருளின் மேல் நகர்த்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீரையும் காற்றையும் மெதுவாக ஒற்றி எடுங்கள்.
5. ஒரு நாள் காயவிட்டு, மேற்பூச்சு இடுங்கள்.

பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. எனவே கறுப்பு, நீலம் போன்ற நிறப் பொருளுக்கு வெள்ளைக் கடதாசி தேவை. கண்ணாடி, பீங்கான், உலோகம், பூச்சடித்து மினுக்கிய மரம் ஆகியவற்றில் இது நன்கு பிடிக்கும். மருதமுனைக் கைத்தறித் துணிக்கோ பன்பாய்க்கோ பொருந்தாது.

கணக்கு

ஏ4 தாளொன்றில் 5 x 4 சென்ரிமீற்றர் துண்டுகள் 28 கொள்ளும். கிழிவது, சுருங்குவது போக 24 என்றே கணக்கிடுங்கள். கடதாசி, மை, தெளிபூச்சு ஆகிய மூன்றின் செலவையும் 24ஆல் பிரித்து, பொருளின் விலையையும் உங்கள் கூலியையும் கூட்டுங்கள். கூலியைக் கணக்கில் சேர்க்காதவர், ஓடர் பெருகப் பெருக நட்டத்தையே பெருக்குவார்.

மறைக்கக் கூடாத விடயம்

தொழிற்சாலைப் பீங்கானின் படம் பீங்கானுக்குரிய நிறமிகளால் அச்சிடப்பட்டு, சூளையில் சுமார் 800 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ சுடப்படுகிறது. அதனால் அது கண்ணாடிப் பூச்சோடு ஒன்றிவிடும். நாம் கடையில் ஒட்டுவது வெறும் படலம். தேய்த்துக் கழுவினால் உரியும். உணவும் உதடும் படும் இடத்துக்கு உகந்ததல்ல. எனவே மக்கின் உட்புறத்திலும் விளிம்பிலும், உண்ணும் பீங்கானின் மேற்பரப்பிலும் ஒட்டாதீர்கள். 'அலங்காரப் பொருள், தேய்த்துக் கழுவ வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். தினமும் தேநீர் அருந்த மக் கேட்பவருக்கு, விசேட பூச்சுள்ள மக்கில் வெப்ப அழுத்தத்தால் பதிக்கும் சப்ளிமேஷன் முறையே ஏற்றது என்று சொல்லிவிடுங்கள்.

அந்த ஓடர் கைவிட்டுப் போகலாம். ஆனால் கல்யாண வீட்டில் கொடுத்த நூறு மக்குகளில் மாப்பிள்ளையின் பெயர் ஒரு மாதத்தில் உரிந்தால், நூறு வீடுகளில் கெடுவது உங்கள் கடையின் பெயர். முதல் ஓடரை எடுக்குமுன் மூன்று பொருளில் ஒட்டி, ஒரு வாரம் உங்கள் வீட்டிலேயே புழங்கிப் பாருங்கள்.